17 சதவீத ஈரம்: வயலில் பிறக்கும் ஆராய்ச்சி என்றால் என்ன?

ஐப்பசி பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஓர் எண்தான் எல்லோர் வாயிலும் புழங்கும்: 17. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அரசுக் கொள்முதலின் விதி. குறுவை என்ற குறுகிய காலப் பயிரின் அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் முட்டிக்கொள்ளும் மாதத்தில் அந்த விதிக்குள் அடங்குவது எளிதல்ல. மழை மிகுந்த ஆண்டுகளில் வரம்பைக் கூட்டித் தரும்படி மாநில அரசு டெல்லிக்கு எழுதும். மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்க்கும். மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும். உத்தரவு வருவதற்குள் குவியலின் அடியில் நெல் முளைத்திருக்கும்.

இந்த எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 22 சதவீத ஈரமுள்ள 40 கிலோ மூட்டை ஒன்றில் உண்மையான நெல்லின் எடை 31.2 கிலோ, மீதி தண்ணீர். அதை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் மூட்டை ஏறக்குறைய 37.6 கிலோவாக இறங்கும். கிட்டத்தட்ட இரண்டரை கிலோ எடை ஆவியாகப் போகிறது. கூடவே காயவைக்கும் கூலி, இடம், நாள். காயவைக்காமல் விட்டாலோ ஈர நெல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மூச்சில் வெப்பம் பிறக்கும், வெப்பத்தில் பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பேறும். ஆக, விதியை வைத்தவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாலையோரம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பவர் சொல்வதிலும் இருக்கிறது.

இந்தச் சிக்கல் யாருடைய துறைக்குள் வருகிறது? நெல்மணிக்குள் நடப்பது உயிர்வேதியியல். உலர்த்தும் எந்திரம் பொறியியல். எந்திரத்தின் செலவை யார் ஏற்பது என்பது பொருளாதாரம். மேட்டூர் அணை எப்போது திறக்கப்படுகிறது என்பது நீர் நிர்வாகம், ஓரளவுக்கு அரசியல். துறை எதுவாக இருந்தாலும், கேள்வியை வயலிலிருந்து எடுத்து விடையையும் வயலிலேயே சரிபார்க்கிற வேலைக்குப் பயன்பாட்டு ஆராய்ச்சி என்று பெயர். செடி ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்பது அடிப்படை ஆராய்ச்சி. இந்தச் செடிக்கு இந்த வாரம் யூரியா போட வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பது பயன்பாட்டு ஆராய்ச்சி. இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று எண்ண வேண்டியதில்லை. முதல் கேள்விக்கு யாரோ விடை கண்டதால்தான் இரண்டாவதைக் கேட்கவே முடிகிறது.

வளரும் நாடுகளில் இவ்வகை ஆராய்ச்சிக்குத் தனி முகம் ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவருக்காக அமெரிக்காவில் உருவான உலர்த்தியை, ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு ஓட்டுகிறவரின் களத்தில் கொண்டுவந்து வைத்தால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அவருக்குப் பயன்படாது. எந்திரத்தில் பழுது இல்லை. எதிரில் நிற்பவர் யார் என்று கேட்காமல் கொண்டுவந்ததில்தான் பழுது.

விடையே கேள்வியாகிப் போன கதை

மழையில் நனையும் குறுவைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆடுதுறையில் 1922இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. டெல்டாவின் பட்டங்களுக்கு ஏற்ற ரகங்களைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. 1960இல் நாட்டில் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்துத் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியபோது பழைய தஞ்சாவூர் மாவட்டமும் அவற்றில் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்று பார்ப்பது திட்டத்தின் நோக்கம். கொடுப்பதற்கு உரத்தைத் தாங்கும் குறுகிய காலப் பயிர் ஒன்று தேவைப்பட்டது. ஆடுதுறையில் ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் இணைத்து உருவாக்கிய ஏ.டி.டி. 27 அந்த இடத்தை நிரப்பியது. ஏறத்தாழ 105 நாளில் அறுவடை. 1960களின் நடுவில் வெளிவந்த அந்த ரகம் டெல்டாவில் பரவிய வேகத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். குறுவை அதற்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் குறுவை, பிறகு தாளடி என்று இருபோகம் எடுப்பது பரவலானதில் இந்த விதைக்குப் பெரும் பங்கு உண்டு.

இத்துடன் கதை முடிந்திருந்தால் வெற்றிக் கதை. ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். வழக்கப்படி மேட்டூர் அணை திறப்பது ஜூன் 12. தண்ணீர் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு வந்து, நாற்று விட்டு, நட்டு முடிய ஜூலை நடுப்பகுதி ஆகிவிடும். அறுவடை செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் விழும். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. அணை இரண்டு வாரம் தாமதித்தால் போதும், கதிர் மழைக்கு நேராகப் போய் நிற்கும். அதிகம் விளைந்த நெல் அதிகமாக நனைந்தது. முன்பு சிறிதாக இருந்த ஈர நெல் பிரச்சினை, விளைச்சலோடு சேர்ந்து தானும் வளர்ந்தது.

அதற்கு விடை தேடித்தான் 1960களின் பிற்பகுதியில் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்தது. அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து, பெயர்கள் பல மாறி, இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக நிற்கிறது. இத்தனை பெரிய நிறுவனத்தின் பிறப்புக் காரணம் நனைந்த குறுவை என்பது டெல்டாக்காரர்களுக்கே பெரும்பாலும் தெரியாது.

அந்த மையம் முயன்று பார்த்த வழிகளில் எனக்குப் பிடித்தது சாதாரண உப்பு. ஈர நெல்லோடு சமையல் உப்பைக் கலந்து வைத்தால் உப்பு ஈரத்தை இழுக்கும். முளைப்பதும் பூஞ்சை பிடிப்பதும் தள்ளிப்போகும். வெயில் வரும் வரை நெல்லைக் காப்பாற்றலாம். மின்சாரம் வேண்டாம், எந்திரம் வேண்டாம், உப்பளமோ பக்கத்திலேயே வேதாரண்யத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் இப்படி ஒரு முறை பலித்துவிட்டால் கட்டுரை எழுதிவிடலாம். பயன்பாட்டு ஆராய்ச்சியாளருக்கோ பாதி வேலைதான் முடிந்தது. உப்புக் கலந்த நெல்லைக் கொள்முதல் நிலையம் வாங்குமா? அரவை ஆலைக்காரர் தன் எந்திரம் துருப்பிடிக்கும் என்று சொல்வாரா? தவிடு மாட்டுக்குப் போகுமே, மாடு தின்னுமா? அறுவடை நாளில் ஆளே கிடைக்காதபோது உப்பைக் கலக்க யார் நிற்பது? இவற்றில் ஒன்றுக்குக்கூட வேதியியல் புத்தகத்தில் விடை கிடையாது.

இன்றும் டெல்டாவின் மிகப்பெரிய உலர்களம் தார்ச்சாலைதான். போக்குவரத்துக்கு இடைஞ்சல், விபத்து என்று அதிகாரிகள் கண்டிப்பார்கள். அந்தக் கண்டிப்பு நியாயமானதே. ஆனால் சூடான, சமதளமான, கட்டணம் கேட்காத உலர்களம் ஒன்றை விவசாயி தானாகவே கண்டுபிடித்திருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதைவிட மலிவான ஒன்றைக் கொடுக்காத வரை நெல் சாலைக்குத்தான் வரும்.

ஒரு வயலை நம்பலாமா?

"புது விதை போட்டேன், ஏக்கருக்கு ஐந்து மூட்டை கூடுதல்" என்று ஒருவர் சொன்னால் அது ஆதாரமா? அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் புது விதையை எந்த வயலில் போட்டார்? ஆசையாக வாங்கிய விதையை யாரும் மேட்டு வயலில் போடுவதில்லை. மதகுக்குப் பக்கத்தில், வண்டல் படிந்த, கண்ணுக்கு எதிரே இருக்கும் வயலில்தான் போடுவார்கள். கூடுதல் ஐந்து மூட்டை விதையால் வந்ததா, வயலால் வந்ததா, அடிக்கடி போய்ப் பார்த்த காலால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் புது ரகம், எதில் பழைய ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். பழைய ரகப் பாத்திகள் ஒப்பிடுவதற்காக. ஒரே ரகத்தைப் பல பாத்திகளில் போடுவது, ஒரு பாத்தியின் அதிர்ஷ்டத்தில் ஏமாந்துவிடாமல் இருப்பதற்காக. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் 1920களில் ரொனால்ட் ஃபிஷர் வகுத்த முறை இது. இன்று மருந்துச் சோதனை வரை எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

ஆடுதுறையில் இப்படி வென்ற ரகம், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைப் பகுதியான தலைஞாயிற்றில் வெல்லும் என்று உறுதி இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் தண்ணீரும் ஆளும் மருந்தும் வேண்டிய நேரத்தில் கிடைக்கும். கடைமடையிலோ தண்ணீர் கடைசியாக வரும், வெள்ளம் மட்டும் முதலில் வரும். நிலத்தில் உப்பும் ஏறியிருக்கும். அதனால்தான் பல இடங்களில் சோதனை, பிறகு விவசாயிகளின் சொந்த வயல்களில் அவர்கள் கையாலேயே சோதனை என்று படிப்படியாகப் போகிறார்கள். நீடாமங்கலம், சிக்கல் போன்ற ஊர்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களின் முக்கிய வேலை இந்தக் கடைசிப் படி. பத்திரிகைச் செய்தியில் "புதிய ரகம் அறிமுகம், அதிக மகசூல்" என்று படிக்கும்போது அந்த மகசூல் எந்தப் படியில் எடுத்தது என்று நான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் செய்தியில் இருக்காது.

வெள்ளத்தைத் தாங்கும் நெல் இந்தப் பாதையை நன்றாகக் காட்டும். ஒடிசாவின் பாரம்பரிய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற வகை, முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கும். சாதாரண நெல் மூழ்கியவுடன் மேலே எட்டிப்பார்க்க அவசரமாக நீண்டு, சேமிப்பையெல்லாம் செலவழித்துவிட்டுச் சாயும். இதுவோ மூச்சை அடக்கி முத்துக் குளிப்பவரைப் போல அசையாமல் இருந்து, தண்ணீர் வடிந்ததும் தழைக்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. அடுத்து எடுத்த முடிவுதான் கவனிக்க வேண்டியது. புது ரகம் ஒன்றைப் படைக்காமல், விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் ரகங்களுக்குள் அந்த ஒரு குணத்தை மட்டும் கலப்பின் வழியே நுழைத்தார்கள். சம்பாவில் டெல்டா நம்பியிருக்கும் சி.ஆர். 1009 அப்படித்தான் சி.ஆர். 1009 சப் 1 ஆனது. அந்த ரகத்தின் வயது விவசாயிக்குத் தெரியும், அரவை ஆலைக்காரருக்கு அதன் குண்டு அரிசி தெரியும், இட்லி மாவு அரைப்பவருக்கு அதன் உளுந்துக் கணக்கு தெரியும். இந்தப் பழக்கங்கள் எதையும் கலைக்காமல் வெள்ளத்துக்கு மட்டும் விடை சொன்னது தாவரவியலை விடவும் மனிதர்களை அறிந்த முடிவு.

காட்டுயானம் போன்ற பாரம்பரிய ரகங்கள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து தண்ணீரில் நிற்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். மறைந்த நெல் ஜெயராமன் போன்றவர்கள் அத்தகைய விதைகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்ததும் ஆராய்ச்சிதான். ஆய்வகம் இல்லாத ஆராய்ச்சி. எஃப்.ஆர். 13ஏயின் வேரும் விவசாயிகள் காத்த விதையில்தான் இருக்கிறது. இருந்தாலும் பழையதெல்லாம் சிறந்தது என்று சொல்ல மாட்டேன். உயர்ந்து நிற்பது ஒரு குணம், கூடுதலாக விளைவது வேறொரு குணம். குத்தகை நெல் அளக்க வேண்டியவருக்கு இரண்டாவதும் வேண்டும்.

தண்ணீரை மிச்சப்படுத்தினால் யாருக்கு லாபம்?

நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை என்பது இன்று உறுதியான விஷயம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் போதும். எப்போது பாய்ச்சுவது என்று அறியத் துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதற்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் தண்ணீர் விடலாம். துண்டுக் குழாய் ஒன்று, செலவு அற்பம். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் இதை ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது: மோட்டார் ஓடும் நேரம் குறையும்.

வாய்க்கால் பாசனத்தில் கதை மாறிவிடுகிறது. அங்கே தண்ணீர் என் விருப்பப்படி வருவதில்லை. முறை வைத்து வருகிறது. இன்று வயலைக் காயவிட்டு, நாளை மறுநாள் தண்ணீர் தேவைப்படும்போது வாய்க்கால் வறண்டிருந்தால்? நான் மிச்சப்படுத்திய தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நடுவில் யாராவது திருப்பிக்கொள்ளலாம். தலைமடைக்காரர் வயலில் தண்ணீரைக் கட்டிவைப்பதை அறியாமை என்று எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அது அறியாமை அல்ல, காப்பீடு. குழாயைக் கொடுப்பதோடு, தண்ணீர் எந்த நாளில் வரும் என்பதை நம்பும்படி அறிவித்து, சொன்ன நாளில் விடவும் வேண்டும். பின்னது நிர்வாகச் சீர்திருத்தம். அதைப் பாத்தி பிரித்துச் சோதிக்க முடியாது. வாய்க்கால் வாய்க்காலாக ஒப்பிட வேண்டும், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

சமூக ஆய்வு இங்கே உள்ளே வருகிறது. டெல்டாவில் அதற்கும் நூறாண்டு வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைக் கிராமங்களை ஆராய அனுப்பினார். அவர்கள் ஆராய்ந்த ஊர்களில் ஒன்று இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துப் பாலக்குறிச்சி. அதே ஊரை 1930களிலும் 1980களிலும் 2019இலும் வெவ்வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் போய் ஆராய்ந்தார்கள். ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பிப் பார்ப்பதில் ஒரு பலன் உண்டு: நிலம் யாரிடமிருந்து யாரிடம் போனது, கூலி எப்படி மாறியது, எந்தத் தெருவுக்குப் பள்ளிக்கூடம் எட்டியது என்று ஒரு முறை எடுக்கும் கணக்கெடுப்பில் தெரியாதவை தெரியவரும்.

சராசரி விளைச்சல் மறைப்பதை இத்தகைய ஆய்வுகள் வெளியே கொண்டுவரும். ஏ.டி.டி. 27 பரவி மாவட்டத்தின் நெல் உற்பத்தி பெருகிய அதே ஆண்டுகளில்தான் கிழக்குத் தஞ்சையில் அறுவடைக் கூலிக்கான போராட்டம் மூண்டது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். விதைதான் இதற்குக் காரணம் என்று சொல்வது அபத்தம். சாதியும் நில உடைமையும் விதைக்கு முன்பே இருந்தவை. ஆனால் கூடுதலாக விளையும் நெல் எந்தப் படியால் அளந்து யாருக்குப் போகும் என்ற கேள்வியை விளைச்சல் ஆராய்ச்சி கேட்டிருக்கவில்லை. கேட்டவர்கள் தொழிலாளர்கள். 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

நடவு வயலில் நிற்கும் பெண்கள்

திருந்திய நெல் சாகுபடி என்று நம் ஊரில் அழைக்கப்படும் முறை, மடகாஸ்கரில் 1980களில் ஒரு பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து கண்டறிந்தது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளி, உருளும் களைக்கருவி. விதை மிச்சம், தண்ணீர் மிச்சம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் காவிரி டெல்டாவிலும் தாமிரபரணிப் பகுதியிலும் விவசாயிகளின் வயல்களில் சோதித்துப் பரிந்துரைத்தது. அரசும் ஊக்கம் கொடுத்தது.

காகிதத்தில் குறையே இல்லை. வயலில் இறங்குங்கள். நடவு என்பது பெண்கள் குழுவாக ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிச் செய்யும் வேலை. நாற்று முடியைப் பிரித்து மூன்று நான்காகக் குத்திக்கொண்டே பின்னால் நகரும் கைக்கு ஒரு வேகம் உண்டு. கயிறு பிடித்து, அடையாளம் பார்த்து, விரல் நீள நாற்றை ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னால் பழகும் வரை அந்த வேகம் குறையும். கூலி ஏக்கர்க் கணக்கில் இருந்தால் அவர்களின் நாள் வருமானம் குறைகிறது. உருளும் களைக்கருவி கனமானது; பல வயல்களில் அது ஆண்களின் கைக்குப் போனது. கையால் களை பறித்துக் கிடைத்த கூலி பெண்களுக்கு இல்லாமல் போனது. முறையை முழுதாக ஏற்காமல் வயது குறைந்த நாற்று, அகல இடைவெளி என்று தங்களுக்கு ஒத்துவந்ததை மட்டும் விவசாயிகள் எடுத்துக்கொண்டதை வெற்றி என்று எழுதலாம், தோல்வி என்றும் எழுதலாம். எனக்கு அது விவசாயிகள் தாங்களே செய்த இரண்டாம் கட்ட ஆராய்ச்சியாகத் தெரிகிறது.

இப்போது அதைவிடப் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஆண்டுகளில் நாற்றங்காலே இல்லாமல் புழுதியில் விதைப்பது பரவுகிறது. மழையிலேயே பயிர் எழும்பிவிடும். வாய்க்கால் தண்ணீர் பிறகு வந்தால் போதும். களைதான் பெரிய தொல்லை. களைக்கொல்லியின் செலவு ஏறுகிறது. வேளாண் ஆய்வுகள் களையை எப்போது, எதனால் கட்டுப்படுத்துவது என்று நன்றாகவே விசாரிக்கின்றன. ஏக்கருக்கு எவ்வளவு நடவுக் கூலி மிச்சம் என்ற கணக்கும் அவற்றில் இருக்கும். அந்த மிச்சம் யாருடைய வீட்டில் குறைகிறது என்பதை அறிய வேறு வகை ஆய்வு வேண்டும். முதலில், புழுதி விதைப்பு பரவாத ஊரையும் பரவிய ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடவுக் குழுவில் இருந்த பெண்களிடமே கேட்க வேண்டும். நில உடைமைப் பட்டியலை வைத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்தால் அவர்களில் பெரும்பாலோர் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். பகலில் போனால் வீடு பூட்டியிருக்கும், நூறு நாள் வேலைக்கோ வேறு கூலி வேலைக்கோ போயிருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் போக வேண்டும். கேள்வித்தாளில் "குடும்பத் தலைவர் பெயர்" என்ற முதல் கட்டத்தைத் தாண்டி, "ஆடி மாதம் எத்தனை நாள் நடவுக்குப் போனீர்கள், போன வருடம் எத்தனை நாள்" என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.